சர்வர் கேள்வி பதில்: வி-சென்டருக்கு வெளிச் சான்றிதழ் போடுவது எப்படி?

கே: எங்கள் கம்பெனியில் நாலு இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஹோஸ்ட்களை (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வி.எம்.வேர் சர்வர்களை) ஒரு வி-சென்டர் 7 என்ற நிர்வாக மென்பொருளை வைத்து நிர்வகிக்கிறோம். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பில் வருகிறது. 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்திவிட்டுப் போவோம். இந்த வருடம் வந்த ஆடிட்டர், வெளி சி.ஏ. (சான்றிதழ் ஆணையம்) கையெழுத்திட்ட சான்றிதழ் போட்டே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டார். வாங்கி, கமாண்ட் லைனில் சர்டிபிகேட் மேனேஜர் வழியாகப் போட்டுப் பார்த்தேன். 85 சதவீதம் வரை போய் அப்படியே நின்று, அப்புறம் தானாகவே பழைய சான்றிதழுக்குத் திரும்பிவிட்டது. என்ன தப்பு? (ஆர்.எம்., கோயம்புத்தூர்)

ப: ஆடிட்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் நீங்கள் தட்டுவது நாலு ஹோஸ்ட்டையும் அதன்மேல் ஓடும் அத்தனை மெஷின்களையும் சில கிளிக்கில் அழித்துவிடக்கூடிய பாஸ்வேர்டு. தினமும் எச்சரிக்கையைத் தாண்டிப் பழகிய கை, நிஜமாகவே இணைப்பின் நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்டு உட்கார்ந்திருக்கும் நாளிலும் அதே பட்டனைத்தான் அழுத்தும். மற்ற எந்தத் தளத்தில் எச்சரிக்கை வந்தாலும் வரட்டும், சர்வரை நிர்வகிக்கும் பக்கத்தில் மட்டும் வரவே கூடாது என்பது என் கருத்து.

வி-சென்டரை நிறுவும்போதே அதற்குள் வி.எம்.சி.ஏ. என்ற ஒரு சின்ன சான்றிதழ் ஆணையமும் சேர்ந்து வந்துவிடுகிறது. வி-சென்டருக்கும் ஹோஸ்ட்களுக்கும் அதுவே கையெழுத்துப் போட்டுத் தருகிறது. என்கிரிப்ஷன் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது, ஆனால் கையெழுத்துப் போட்டது யார் என்று உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பிரவுசருக்குத் தெரியாது, அதனால்தான் அந்தச் சிவப்பு. எச்சரிக்கை போனால் போதும் என்றால் வி-சென்டரின் முகப்புப் பக்கத்திலிருந்தே அதன் ரூட் (தலைமை) சான்றிதழை இறக்கி நிர்வாகிகளின் கணினிகளில் நம்பகமான ரூட்டாகச் சேர்த்துவிடலாம், செலவே இல்லை. ரெண்டு மூன்று பேர் மட்டும் நுழையும் இடத்துக்கு அதுவே போதும் என்பேன். ஆனால் ஆடிட்டர் வெளிக் கையெழுத்துதான் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டதால் அந்த வழியிலேயே போவோம்.

எதை மாற்றுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சர்டிபிகேட் மேனேஜரின் மெனுவைத் திறந்தால் எட்டு தேர்வுகள் வரும், அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றினால்தான் முழுமை என்று தோன்றும். வேண்டாம். முதல் தேர்வான மெஷின் எஸ்.எஸ்.எல். மட்டும் போதும். 443 போர்ட்டில் வெளியாட்கள் பார்க்கும் சான்றிதழ் அதுதான். உள்ளுக்குள் சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான சொல்யூஷன் யூசர் சான்றிதழ்களையும் ஹோஸ்ட் சான்றிதழ்களையும் வி.எம்.சி.ஏ.விடமே விட்டுவிடுங்கள். இதை ஹைப்ரிட் முறை என்பார்கள், தயாரிப்பாளரே பரிந்துரைப்பதும் இதைத்தான். வி.எம்.சி.ஏ.வையே வெளி சி.ஏ.வுக்குக் கீழே கொண்டுபோகும் இன்னொரு முறையும் உண்டு. அதில் உங்கள் வி-சென்டரே பிறருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றுவிடும், பொது சி.ஏ. எதுவும் அதற்கு ஒப்புக்கொள்ளாது, ஆகவே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்து பெயர். வி-சென்டரை நிறுவியபோது கொடுத்த முழுப்பெயர் எதுவோ, அதேதான் சான்றிதழில் எஸ்.ஏ.என். என்ற மாற்றுப்பெயர் பகுதியிலும் இருக்க வேண்டும். சான்றிதழின் முதன்மைப் பெயரான காமன் நேம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, 2017-இல் வந்த குரோம் 58-இலிருந்தே பிரவுசர் காமன் நேமைப் பார்ப்பதை விட்டுவிட்டது. நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: நிறுவும்போது டாட் லோக்கல் என்று முடியும் ஒரு பெயரை வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட உள்பெயர்களுக்கும் 192.168-இல் தொடங்கும் ஐ.பி. முகவரிகளுக்கும் எந்தப் பொது சி.ஏ.வும் சான்றிதழ் தர முடியாது, 2015 நவம்பரோடு அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. உங்கள் வி-சென்டர் பெயர் அந்த வகை என்றால் ரெண்டே வழி. ஒன்று, உங்கள் சொந்த டொமைனுக்குக் கீழ் வரும்படி பெயரை மாற்றுவது (மாற்றலாம், ஆனால் அது தனி வேலை, ஒரு விடுமுறை நாள் போய்விடும்). இன்னொன்று, ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் பயனர் நிர்வாக அமைப்பு) இருந்தால் அதோடு இணைந்து இயங்கும் மைக்ரோசாஃப்ட் சி.ஏ.வை வைத்துக் கையெழுத்திடுவது. வி-சென்டரைப் பொறுத்தவரை அதுவும் வெளி சி.ஏ.தான். 'வெளி' என்று ஆடிட்டர் சொன்னது காசு கொடுத்து வாங்குவதையா, இல்லை வி-சென்டருக்கு வெளியே இருப்பதையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

சி.ஏ.வுக்கு அனுப்பும் சான்றிதழ் விண்ணப்பமான சி.எஸ்.ஆரை வி-சென்டரிலேயே உருவாக்குங்கள். வி-சென்டரின் நிர்வாகப் பக்கமான வி-ஸ்பியர் கிளையண்டில் அட்மினிஸ்ட்ரேஷனுக்குள் சர்டிபிகேட் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் இருக்கிறது, மெஷின் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குரிய செயல்பாடுகளில் சி.எஸ்.ஆர். உருவாக்கும் தேர்வும் உண்டு. இப்படிச் செய்தால் சான்றிதழின் ஜோடியான ரகசியச் சாவி, அதாவது பிரைவேட் கீ, அந்த மெஷினை விட்டு வெளியே வருவதே இல்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. கீ 2048 பிட் இருந்தால் போதும். கையெழுத்தாகி வரும்வரை அந்தப் பக்கத்தில் மறுபடி சி.எஸ்.ஆர். எடுக்காதீர்கள், எந்தக் கீக்கு எந்தச் சான்றிதழ் என்ற குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இனி நீங்கள் கேட்ட 85 சதவீதம். அந்தக் கட்டத்தில் புதுச் சான்றிதழ் ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது. சர்வீஸ்களைத் திரும்ப எழுப்பிப் பார்க்கிறது, ஏதோ ஒன்று எழ மறுக்கிறது, உடனே எல்லாவற்றையும் பின்வாங்கிவிடுகிறது. ஆகவே கோளாறு நீங்கள் கொடுத்த ஃபைலிலும் இருக்கலாம், ஏற்கெனவே உள்ளே இருந்த வேறொன்றிலும் இருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஃபைல். சி.ஏ. அனுப்பும் ஜிப்பில் வழக்கமாக உங்கள் சான்றிதழும், அதற்கும் ரூட்டுக்கும் நடுவிலுள்ள ஒரு இன்டர்மீடியட் சான்றிதழும்தான் இருக்கும். ரூட் இருக்காது, பிரவுசரில் ஏற்கெனவே ரூட் இருப்பதால் சாதாரண வெப்சைட்டுக்கு அது தேவைப்படாது. வி-சென்டருக்கு அப்படியல்ல, அதற்கு ரூட் வரைக்கும் முழுச் சங்கிலியும் கையில் கொடுக்க வேண்டும். சி.ஏ.வின் தளத்திலிருந்து ரூட்டைத் தனியாக இறக்கி, உங்கள் சான்றிதழ், இன்டர்மீடியட், ரூட் என்ற வரிசையில் ஒரே ஃபைலாக ஒட்டுங்கள். வரிசை மாறக் கூடாது. நம்பகமான ரூட் என்று தனியாகக் கேட்கும் இடத்தில் உங்கள் சான்றிதழை விட்டுவிட்டு இன்டர்மீடியட்டையும் ரூட்டையும் மட்டும் கொடுங்கள்.

ஒட்டிய ஃபைலை நோட்பேடில் திறந்து கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு சான்றிதழும் ஐந்து கோடு, 'பிகின் சர்டிபிகேட்', மறுபடி ஐந்து கோடு என்று தொடங்கி, அதே மாதிரி 'எண்ட் சர்டிபிகேட்' என்று முடியும். ஒரு ஃபைலின் கடைசியில் என்டர் இல்லாமல் அடுத்ததை ஒட்டியிருந்தால் எண்டும் பிகினும் ஒரே வரியில் வந்து நடுவில் பத்து கோடுகள் வரிசையாக நிற்கும். பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் படிக்கும் மென்பொருளுக்கு இரண்டாவது சான்றிதழே கண்ணில் படாது. வரிகளின் கடைசியில் விண்டோஸ் சேர்த்த கூடுதல் எழுத்துகள், நடுவே வெற்று வரி, மின்னஞ்சலிலிருந்து காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்ட இடைவெளி, எல்லாவற்றையும் நீக்குங்கள். பி7பி என்ற வடிவத்தில் வந்திருந்தால் அப்படியே போடாமல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவி கொண்டு பெம் என்ற எழுத்து வடிவமாக மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக, சான்றிதழின் மாடுலஸையும் (கீயின் அடையாளமான நீண்ட எண்) சி.எஸ்.ஆரின் மாடுலஸையும் எடுத்து ஒப்பிடுங்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் அது உங்கள் கீக்குரிய சான்றிதழ்.

ஃபைல் சரி என்றால் அடுத்த சந்தேகம், உள்ளே காலாவதியாகிக் கிடக்கும் வேறு சான்றிதழ்கள் மேல். குறிப்பாக எஸ்.டி.எஸ். என்ற, லாகின் டோக்கன்களுக்குக் கையெழுத்திடும் சான்றிதழ். சில பதிப்புகளில் அதற்கு ரெண்டே வருட ஆயுள்தான் கொடுத்திருந்தார்கள். காலாவதியானாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்கள் ஓடும், ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் எழாது. நீங்கள் புதுச் சான்றிதழைப் போடும்போது நடப்பதும் ஒரு ரீஸ்டார்ட்தானே, பழி புதுச் சான்றிதழின்மேல் விழுந்துவிடும். வி-சர்ட் என்று, வி.எம்.வேரை வாங்கிய பிராட்காமின் சப்போர்ட் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் கிடைக்கிறது, அதை ஓட்டினால் எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதி என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டிவிடும். முதலில் அதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு மெஷின் எஸ்.எஸ்.எல்.-க்கு வாருங்கள். எந்த சர்வீஸ் எழவில்லை என்பது சர்டிபிகேட் மேனேஜரின் லாக் ஃபைலில் இருக்கும். டிஸ்க்கில் லாக் பகுதி நிரம்பியிருந்தாலும் சர்வீஸ்கள் எழாது, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதெல்லாம் தொடங்குமுன் வி-சென்டரை அணைத்து ஒரு ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) எடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வி-சென்டர்கள் ஒன்றோடொன்று இணைந்து, அதாவது லிங்க்டு மோடில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்து எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துத் திரும்பப் போட்டால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. மெஷின்கள் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வி-சென்டர் கீழே இருந்தாலும் அவை ஹோஸ்ட்களில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பேக்கப் ஓடும் நேரமாகப் பார்த்து இதைச் செய்யாதீர்கள். மாற்றி முடித்ததும் பேக்கப் மென்பொருள், நெட்வொர்க்கைக் கவனிக்கும் என்.எஸ்.எக்ஸ்., ரெப்ளிகேஷன் என்று வி-சென்டரோடு பேசும் ஒவ்வொன்றையும் திறந்து புதுச் சான்றிதழை ஏற்கச் செய்யுங்கள். அவை பழைய சான்றிதழின் கைரேகையை நினைவில் வைத்திருக்கும், மறந்துவிட்டால் அன்றிரவு பேக்கப் நடக்காது.

இன்னொன்று. வி-சென்டரும் இ.எஸ்.எக்ஸ்.ஐ.யும் சேர்ந்த தொகுப்பான வி-ஸ்பியர் 7-க்கான பொது சப்போர்ட் 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சான்றிதழ் வேலையை இப்போதே செய்யுங்கள், ஆனால் 8-க்குப் போகும் திட்டத்தையும் ஆடிட்டர் அடுத்த தடவை கேட்கும் முன்னால் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கம்பெனி வெப்சைட்டுக்காக வாங்கிய, டொமைனின் எல்லாத் துணைப்பெயர்களுக்கும் பொருந்தும் வைல்டுகார்டு சான்றிதழ் இருக்கிறதே, அதையே வி-சென்டருக்கும் போட்டுவிட்டால் என்ன? (வாசகர், திருச்சி)

ப: வி-சென்டர் வைல்டுகார்டை ஆதரிப்பதில்லை என்று தயாரிப்பாளரின் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆதரித்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெப்சைட் இருக்கும் சர்வர் இணையத்தைப் பார்த்து நிற்பது, எத்தனையோ பேர் தொடுவது. அங்கே இருக்கும் கீயும் உங்கள் நிர்வாகப் பக்கத்தின் கீயும் ஒன்றாக இருந்தால், அங்கே நடக்கும் ஒரு திருட்டு இங்கேயும் நடந்த மாதிரி.

கே: நாங்கள் வைத்திருப்பது வி.எம்.வேருக்குப் பதிலான பிராக்ஸ்மாக்ஸ். அதில் பழைய சான்றிதழ் ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை வைக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். (கே.எஸ்., யாழ்ப்பாணம்)

ப: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பி.வி.இ.-எஸ்.எஸ்.எல். என்ற பெயரில் இருக்கும் அந்த ஃபைல் கிளஸ்டருக்குள் நோடுகள் (சர்வர்கள்) தங்களுக்குள் பேசப் பயன்படுத்துவது, பிராக்ஸ்மாக்ஸின் சொந்த சி.ஏ. கையெழுத்திட்டது. அதில் கை வைத்தால் ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடின் கன்சோலைத் திறப்பது மாதிரியான வேலைகள் கெட்டுப்போகும். வெளிச் சான்றிதழுக்கு பி.வி.இ.பிராக்ஸி-எஸ்.எஸ்.எல். என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், அது இருந்தால் 8006 போர்ட்டில் அதைக் காட்டும், இல்லையென்றால் பழையதைக் காட்டும். ஃபைலைத் தேடி அலையவே வேண்டாம்: நோடைத் தேர்ந்தெடுத்து, சர்டிபிகேட்ஸ் பகுதிக்குப் போய், அப்லோட் கொடுத்து, கீயையும் சங்கிலியையும் ஒட்டினால் அதுவே சரியான இடத்தில் வைத்துக்கொள்ளும். ஏதாவது தவறாகிவிட்டால் அந்தத் தனிச் சான்றிதழை நீக்கிவிட்டு பிராக்ஸி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். நல்ல அமைப்பு, வி-சென்டரும் இப்படி இருந்திருக்கலாம்.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து தானாகவே சான்றிதழ் வாங்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. சர்வர் இணையத்துக்குத் தெரியாமல் உள்ளேயே இருந்தாலும் டி.என்.எஸ். வழியாகச் சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் கிடைத்துவிடும். ஒரே ஒரு விஷயம்: பொது சி.ஏ. தரும் சான்றிதழ்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும், 2018-இலிருந்து குரோம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே 'பேங்க்-பேக்கப்-பழையது' என்கிற மாதிரி உள்விவரம் சொல்லும் பெயர்களை வைக்காதீர்கள்.

கே: சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க அதோடு வரும் எச்.பி.யின் ஐ.எல்.ஓ., டெல்லின் ஐ-டிராக் பக்கங்களுக்கும் இது அவசியமா? ஒருமுறை ஐ-டிராக்கில் முயன்றபோது சான்றிதழை ஏற்கவே மறுத்துவிட்டது. (பெயர் வேண்டாம், சேலம்)

ப: அவசியம். மெஷினையே அணைக்கவும் பயாஸுக்குள் போகவும் முடிகிற இடமல்லவா. மறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சி.எஸ்.ஆர். எடுத்துக் கொடுத்தபின், சி.ஏ. பதில் தர நாளானதால் நீங்களோ இன்னொருவரோ மறுபடி ஒரு சி.எஸ்.ஆர். எடுத்திருப்பீர்கள். ஐ-டிராக்கில் புது சி.எஸ்.ஆர். பழையதன்மேல் எழுதிவிடும், அதற்குரிய கீயும் அதோடு போய்விடும், பழைய சி.எஸ்.ஆருக்கு வந்த சான்றிதழ் எதற்கும் உதவாது. கடைசியாக எடுத்த சி.எஸ்.ஆரை அனுப்பி மறுபடி வாங்குங்கள். பெரும்பாலான சி.ஏ.க்கள் ஆயுள் முடிவதற்குள் மறுபதிப்பைக் காசில்லாமல் தருவார்கள். போட்டதும் ஐ-டிராக் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும், சர்வருக்கு ஒன்றும் ஆகாது. ஐ.எல்.ஓ.வில் சி.எஸ்.ஆர். உருவாகப் பத்து நிமிடம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும், திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.

கே: சான்றிதழ் ஆயுள் 47 நாளாகக் குறையப்போகிறது என்கிறார்கள். அப்படியானால் மாதாமாதம் இந்தக் கூத்தா? (டி.வி., சென்னை)

ப: செய்தி உண்மைதான். பிரவுசர் நிறுவனங்களும் சி.ஏ.க்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவு. அதுவரை இருந்த 398 நாள் உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் போடுகிறவர்களுக்கு இது தாங்காது, ஒரு தடவை மறந்தால் போதும்.

ஆனால் இந்தக் கெடு பொது சி.ஏ.க்களுக்கு மட்டும். உங்கள் சொந்த சி.ஏ. கையெழுத்திடுவதற்கு இது பொருந்தாது. அதனால் நிர்வாக மென்பொருளுக்கெல்லாம் உள் சி.ஏ. வைத்து, அதன் ரூட்டை விண்டோஸின் குரூப் பாலிசி வழியாக எல்லாக் கணினிக்கும் கொடுத்துவிடுவதுதான் இனி நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அதிலும் பத்து வருடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்: உள் சி.ஏ. ஆனாலும் 825 நாளைத் தாண்டினால் ஆப்பிள் கருவிகள் ஏற்காது, மேக்புக் வைத்திருக்கும் மேனேஜர்தான் முதலில் போன் செய்வார். ஒரு வருடம், காலாவதிக்கு முப்பது நாள் முன்னால் ஒருவர் மட்டுமல்ல, குழு முழுவதுக்கும் போகும் நினைவூட்டல், இது போதும்.

கே: சி.எஸ்.ஆர்., கீ எல்லாம் சப்ளையரே உருவாக்கி, பி.எஃப்.எக்ஸ். ஃபைலாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பாஸ்வேர்டும் அடுத்த மெசேஜிலேயே வந்தது. அதை அப்படியே போடலாமா? (வாசகி, மதுரை)

ப: போடாதீர்கள், அம்மா. அந்த ஃபைலுக்குள் இருப்பது உங்கள் சர்வரின் பிரைவேட் கீ. சப்ளையரின் லேப்டாப்பிலும் அவர் போனிலும் உங்கள் போனிலும் வாட்ஸ்அப் பேக்கப்பிலும் இப்போது அதன் நகல் இருக்கிறது, பாஸ்வேர்டும் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் போன் தொலைந்தால்? சி.ஏ.விடம் சொல்லி அந்தச் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள், கீ வெளியே போய்விட்டது என்று காரணம் சொன்னால் உடனே செய்வார்கள். உங்கள் சர்வரிலேயே புதிதாக ஒரு சி.எஸ்.ஆர். எடுத்து, அதை மட்டும் சப்ளையருக்கு அனுப்புங்கள். சி.எஸ்.ஆரில் ரகசியம் எதுவும் இல்லை, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பாதகமில்லை. திரும்பி வரும் சான்றிதழிலும் ரகசியம் இல்லை. கீ மட்டும் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும். எங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.